தலைமுடியும் தலையீடும்

திருக்குறளில் 'மானம்' என்னும் அதிகாரத்திலுள்ள பத்துக் குறள்களுள் இரண்டில் மயிரே உவமையாக வருகின்றது. தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்க்குத் தலையிலிருந்து உதிர்ந்த முடி ஒன்றில் உவமை. மானம் இழந்தால் உயிர் வாழாதவர்க்கு, மயிர் நீங்கினால் உயிர் நீங்கும் கவரிமா மற்றொன்றில் உவமை. பெருமையையும் இழிவையும் பற்றிப் பேசப் புகுந்த பெரும்புலவர் இருமுறை மயிரினிடம் சென்றது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. தமிழர் வாழ்வில் தலைமுடி வெறும் உடலுறுப்பாக ஒருகாலும் இருந்ததில்லை என்பதற்கு இதுவே தக்க சான்றாகும். அதே வள்ளுவர் 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தில், மழிப்பதும் வளர்ப்பதும் ஒழுக்கத்திற்கு ஈடாகா என்றும் சொல்லிவிடுகிறார். இந்த இரு கருத்துகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நம் மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தம் தலைமுடியை வைத்துக்கொண்டு இடர்ப்பட்டு வந்திருக்கின்றனர்.

இன்று இந்த இடர்ப்பாடு புதியதொரு வடிவம் கொண்டுள்ளது. முடி மாற்று அறுவை சிகிச்சை, அதாவது மக்கள் வழக்கில் 'ஹேர் டிரான்ஸ்பிளாண்ட்', செய்துகொள்ளலாமா வேண்டாமா என்னும் வினா பெருநகரங்களைக் கடந்து நாஞ்சில் நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வினா மருத்துவருக்கு உரியது. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சிகிச்சை எவ்வாறு செய்யப்படும் என்பதை மருத்துவர் சொல்வார். அதனை ஒருவர் ஏன் நாடுகிறார் என்பதற்கான விடையில் பாதி வரலாற்றில் கிடக்கிறது. அப்பாதியை இங்கே காண முயல்வோம்.

குடுமியும் ரோமாபுரியும்

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டிய மன்னனின் பெயரிலேயே குடுமி உள்ளது. மகளிர் கூந்தலை ஐம்பால் என வகுத்துப் போற்றிய அதே சங்கப் பாடல்கள், கணவனை இழந்த பெண் கூந்தல் களைந்து நிற்கும் காட்சியையும் காட்டுகின்றன. கூந்தல் அவளுடையதே எனினும், அது இருக்கலாமா கூடாதா என்பதை அவள் முடிவு செய்யவில்லை. ஊர் முடிவு செய்தது. இதனை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

முட்டம் உள்ளிட்ட திருவிதாங்கூர்க் கடற்கரையின் முக்குவர் ஊர்களில் பிரான்சிஸ் சேவியர் திருமுழுக்குக் கொடுத்துச் சென்றது 1544ஆம் ஆண்டில். ஒரே திங்களில் பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே கடிதம் எழுதியுள்ளார். இவ்வளவு விரைவாக ஒரு மக்கள்கூட்டம் சமயம் மாறுகையில், பழைய வாழ்வின் அடையாளங்களில் எவை நிற்கலாம், எவை போகவேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. ஆனால் அவ்வினா பெருவழக்காக வெடித்தது இக்கடற்கரையில் அன்று. அறுபது ஆண்டுகள் கழித்து மதுரையில்.

1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலிய இயேசு சபைத் துறவி, துறவியரின் காவியுடை பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, உயர்குலத்தாரிடையே சமயப் பணி ஆற்றினார். அவரிடம் திருமுழுக்குப் பெற்றோர் தம் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராட்டையும் விட்டுவிடத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. அவை சமுதாய அடையாளங்களேயன்றிச் சமய அடையாளங்கள் அல்ல என்று அவர் வாதிட்டார். அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே அதனை எதிர்த்தனர். 1619இல் கோவாவில் இதற்கெனக் கூட்டம் கூடியது. வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், பதினைந்தாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் நொபிலியின் சார்பில் ஆணை பிறப்பித்தார். சில கட்டுப்பாடுகளோடு பூணூலும் குடுமியும் இருக்கலாம் என்பது தீர்ப்பு.

மதுரையில் ஒருவன் தன் பின்னந்தலையில் ஒரு பிடி முடி வைத்துக்கொள்ளலாமா என்பதைத் தீர்மானிக்க, கடல் கடந்து பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து ஓலை வரவேண்டியிருந்தது! அந்த ஓலை வரும்வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் குடுமி வைத்திருந்தவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பைவிட இரக்கமே மிகுகின்றது.

சாமிதோப்பும் இடையன்குடியும்

நாஞ்சில் நாட்டில் இக்கதை வேறொரு திசையில் நடந்தது. தமிழர் பின்குடுமியும் மலையாளத்தார் முன்குடுமியும் ஒரே சந்தையில் எதிர்ப்பட்ட எல்லை நிலம் இது. குடுமி முன்னா பின்னா என்பதைக் கொண்டே ஆளை எடைபோட்டனர். சாதியால் தாழ்த்தப்பட்டோர் தலைப்பாகை கட்டவும் தடை இருந்தது. அந்நிலையில்தான் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் தம்மைப் பின்பற்றியோரைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபட வருமாறு பணித்தார். அவர் 1851இல் மறைந்தார். அவ்வழக்கம் இன்றும் அய்யாவழி மக்களின் பதிகளில் தொடர்கின்றது. பிறர் முன் தலை நிமிர்வதற்கு ஒரு முழத்துணி போதும் என்று காட்டிய செயல் அது.

1867இல் இந்த வழக்கு மீண்டும் எழுந்தது. இம்முறை சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிமாரிடையே. கிறித்தவர் ஆனவர் குடுமியை அறுத்தெறிய வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அதனை மறுத்துக் குடுமியைப் பற்றித் தனியொரு நூலே எழுதினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்ட அதே பேரறிஞர்தாம். குடுமி சமயச் சின்னம் அன்று, நாட்டு வழக்கம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நொபிலி சொன்னதும் இதுவே. இருவரும் வெவ்வேறு சபையினர். கொள்கையால் எதிரெதிர் நின்றவர். குடுமி விடயத்தில் மட்டும் ஒன்றுபட்டனர்.

இவ்விரு வழக்குகளிலும் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வாதிட்டவர், எதிர்த்தவர், தீர்ப்பளித்தவர் அனைவரின் பெயரும் ஏட்டில் உள்ளன. குடுமி யாருடைய தலையில் இருந்ததோ அவர்தம் விருப்பம் என்ன என்பது மட்டும் எங்கும் பெரிதாகப் பதிவாகவில்லை.

நெய்யூரும் வேலூரும்

முடியைத் திருத்தியவரே புண்ணுக்கு மருந்திட்டதும், அவர் இல்லத்துப் பெண்டிரே பேறுகாலம் பார்த்ததும் நம் ஊர்களின் பழைய வழக்கம். அச்சமூகத்திற்கு மருத்துவர் என்ற பெயரும், பேறு பார்த்த பெண்ணுக்கு மருத்துவச்சி என்ற பெயரும் இதனால் வந்தவையே. மேலைநாட்டிலும் நாவிதரே அறுவை வல்லுநராக இருந்தனர். கத்தி பின்னர் கைமாறியது. தென் திருவிதாங்கூரில் அம்மாற்றம் தொடங்கிய இடம், முட்டத்திற்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள நெய்யூர். இலண்டன் மிஷனைச் சார்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் சாமர்வெல், 1920களிலிருந்து இருபதாண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றிப் பின்னர் வேலூருக்குச் சென்றார். குளச்சலை அடுத்த உடையார்விளையில் தொழுநோயாளர்க்கென்றே மருத்துவமனை அமைந்தது.

தொழுநோயைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் முடி மாற்று அறுவை வழுக்கைத் தலையர்க்காகத் தோன்றியதன்று. தொழுநோயாளரின் புருவத்திற்காகத் தோன்றியது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்த முடியும் என்று காட்டியவர் அவர். ஆனால் கை நிமிர்ந்தவர்கள் சிலநாளில் வாடிய முகத்தோடு திரும்பி வந்தனர். நேரான கையைக் கண்டவர் பிச்சையிடத் தயங்கினர். முகத்தைக் கண்டவர் வேலை தர மறுத்தனர்! நோய் தணிந்த பின்னரும், சப்பையான மூக்கும் முடியுதிர்ந்த புருவமும் 'இவன் நோயாளி' என்று பறைசாற்றிக்கொண்டிருந்தன. தொழுநோய்க் கிருமி புருவ மயிரின் வேரை அழித்துவிடும் என்பது நம் ஊரார் அனைவரும் அறிந்த அடையாளம்.

ஆகவே பிராண்டும் அவர்தம் குழுவினரும் புருவத்தைச் சீராக்கத் தொடங்கினர். தலைத்தோலிலிருந்து ஒரு சிறு துண்டினை அதன் குருதிக்குழாயோடு பிரித்து, நெற்றித் தோலுக்கடியில் சுரங்கம்போல் வழியமைத்து, புருவ இடத்தில் கொண்டு பொருத்தினர். முடி வளர்ந்தது. ஆனால் அது தலைமுடியல்லவா? புருவம்போல் நின்றுவிடாமல் தலைமுடிபோலவே நீண்டுகொண்டே போயிற்று. அவ்வப்போது கத்தரித்துக்கொள்ளச் சொன்னால், சிலர் அதற்கு இசையவில்லை. பல்லாண்டு இல்லாதிருந்த புருவத்தைப் பெருமையோடு அடர வளர்த்துக்கொண்டு திரிந்தனர் என்று பிராண்ட் நினைவுகூர்ந்துள்ளார்.

தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண்பகட்டு என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் நலம். அந்த மனிதர்க்குக் கை கொடுக்காத வாழ்வைப் புருவம் கொடுத்தது.

பிறந்த இடத்தை மறவாத முடி

புருவத்தில் நட்டாலும் தலைமுடி தலைமுடியாகவே வளரும் என்னும் இவ்வுண்மையின்மேல்தான் இன்றைய அறுவை முழுவதும் நிற்கின்றது. சப்பானிய மருத்துவர் ஒகுடா, தீக்காயத் தழும்புகளிலும் புருவத்திலும் முடியோடு கூடிய சிறு தோல்வட்டங்களை நட்டு, அம்முறையை 1939இல் வெளியிட்டார். போர் மூண்டதால் உலகம் அதனை அறியவில்லை. நியூயார்க்கின் ஓரன்டிரைக் 1952இல் ஆண் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டு, 1959இல் அதன் அடிப்படையை விளக்கினார். நட்ட முடி, புகுந்த இடத்தின் இயல்பைப் பெறுவதில்லை. பிறந்த இடத்தின் இயல்பையே காக்கும்.

இதன் பொருள் என்ன? ஆண் வழுக்கை, பரம்பரையும் ஆண்மைச் சுரப்பும் கூடி விளைவிப்பது. இளமையிலேயே விதை நீக்கப்பட்டவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பழங்கிரேக்கர் கண்டிருந்தனர். 1942இல் ஹாமில்டன் என்னும் அறிஞர் அதனை ஆய்வால் நிறுவினார். அச்சுரப்பு முன்னந்தலை, உச்சி ஆகியவற்றின் முடிவேர்களைச் சுருக்குகிறது; பிடரியையும் காதோரத்தையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. எனவே பிடரியிலிருந்து எடுத்து உச்சியில் நட்டால் அது நிலைக்கும். தொடக்கத்தில் பெரிய வட்டங்களாக நட்டதால் பொம்மைத் தலைபோல் தோன்றிற்று. 1990களிலிருந்து ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட இயற்கைக் கற்றைகளாகவே பிரித்து நடும் முறை பரவியது. நெல் நாற்றைப் பறித்து நடும் நாஞ்சில் நாட்டார்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாற்றங்காலில் மீண்டும் விதைக்கலாம். பிடரியில் எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. உள்ளதை இடம் மாற்றுவதே இச்சிகிச்சை. புதிதாக ஒரு முடியையும் இது உண்டாக்குவதில்லை.

முட்டத்து இளைஞரின் வினா

நம்மிடம் தமிழ் பயின்ற முட்டத்து இளைஞர் ஒருவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். வயது இருபத்தாறு. விடுமுறைக்கு வந்தவர் நம்மிடம் கேட்டார்: "சார், ரெண்டு சம்பந்தம் தலையப் பாத்துட்டே தட்டிப் போச்சு. லீவு முடியதுக்குள்ள செய்திரலாம்னு வீட்டுல சொல்லுதாவ. நீங்க என்ன சொல்லுதிய?"

ஒரு காலத்தில் மணமகளின் கூந்தல் நீளத்தை அளந்த கண்கள் இன்று மணமகனின் நெற்றி அகலத்தையும் அளக்கத் தொடங்கியுள்ளன. ஊரார் இதற்குக் காரணமும் சொல்வர்: கடல் உப்பு, வளைகுடாத் தண்ணீர், தலைக்கவசம். தண்ணீரின் கடினத்தால் முடி வறண்டு முறியலாம். ஆனால் ஆண் வழுக்கையை அது உண்டாக்குவதில்லை. கரிசலாங்கண்ணி எண்ணெயும் நீலிபிருங்காதித் தைலமும் இருக்கும் முடிக்கு இதமளிக்கக்கூடும். வழுக்கை விழுந்த இடத்தில் புதுமுடி முளைப்பிக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை.

அவரிடம் நாம் எடுத்துரைத்தவை, மருத்துவ நூல்களும் நாமறிந்த மருத்துவர்களும் சொல்பவையே. முதலாவது, நட்ட முடி நிலைத்தாலும் அதனைச் சூழ்ந்த பழைய முடி தொடர்ந்து உதிரும். இருபதுகளில் முன்னெற்றியை நிரப்பிக்கொண்டவர்க்கு, நாற்பதில் முன்னே ஒரு திட்டும் பின்னே வெற்றிடமுமாக நிற்கும் நிலை நேரலாம். அப்போது நிரப்பப் பிடரியில் இருப்பு வேண்டும். இரண்டாவது, அறுவைக்கு முன் மருந்தால் உதிர்வைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பது முறை. குருதி அழுத்தத்திற்கென வந்த மினாக்சிடில் 1988இலும், பினாஸ்டிரைடு 1997இலும் இதற்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. பயன்படுத்தும் வரையே பயன். பின்னதில் சிலர்க்குப் பாலியல் சார்ந்த பக்கவிளைவும் உண்டு. ஆதலால் மருத்துவர் சொல்லாமல் தொடலாகாது. மூன்றாவது, புழுவெட்டு முதலிய வேறு காரணங்களால் முடி கொட்டியிருந்தால் சிகிச்சையே வேறு. நான்காவது, நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் முளைக்கத் தொடங்கும். முழுப்பயன் காண ஓராண்டு ஆகலாம். ஒரு மாத விடுமுறையில் அறுவையும் பெண்பார்ப்பும் திருமணமும் முடியும் என்று எண்ணுவது கணக்குப் பிழை.

கத்தி எவர் கையில்?

இதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதம், சென்னையில் முடி மாற்று அறுவை செய்துகொண்டதை அடுத்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவர். மருத்துவம் கற்றவரையே இது விட்டுவைக்கவில்லை என்றால் மற்றவர் நிலையைச் சொல்லவேண்டுமா? உணர்விழக்கச் செய்யும் ஊசிமருந்து உண்டு. பல மணிநேரம் உண்டு. ஒவ்வாமையும் நோய்த்தொற்றும் நேர வாய்ப்புண்டு. முடி பற்றியது என்பதனால் இது முடிதிருத்தகத்து வேலை ஆகிவிடாது. தகுந்த பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவரே இதனைச் செய்யவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நெறிமுறை வகுத்தது. பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று அதில் எழுத வேண்டி வந்ததே நிலைமையைக் காட்டும். எனவே, அறுவை செய்பவர் யார், அவர் இறுதிவரை உடனிருப்பாரா, இடர் நேர்ந்தால் அவ்விடத்தில் என்ன வசதி உண்டு என்னும் மூன்றையும் கேளாமல் முன்பணம் கட்டலாகாது.

முடிவாக

முட்டத்தைத் தமிழுலகுக்குக் காட்டிய படங்களுள் ஒன்று 1986இல் வந்த 'கடலோரக் கவிதைகள்'. அதன் நாயகர் சத்யராஜ், அதற்கு ஈராண்டு முன்னர் 'நூறாவது நாள்' படத்தில் மொட்டைத் தலையோடு தோன்றிப் பெயர் பெற்றவர். பின்னாளில் திரையில் டோப்பாவும் மேடையில் வழுக்கையுமாக, இரண்டையும் மறைக்காமல் வாழ்ந்து வருகிறார். ரஜினிகாந்தும் அவ்வாறே. அவர்தம் மதிப்பு வழுக்கையால் குறையவில்லை. ஆயினும் இதனை எடுத்துக்காட்டி இளைஞர்க்கு அறிவுரை கூறுவதில் நமக்கு முழு உடன்பாடில்லை. புகழ் பெற்றவரின் வழுக்கையை ஊர் ஏற்கும். பெண் கேட்டுப் போகும் இளைஞனின் வழுக்கையை அதே ஊர் எள்ளி நகையாடும். வேலூரில் பிராண்ட் கண்டதும் இதுதான். கையை ஏற்காத உலகம் புருவத்தைக் கேட்டது.

ஆதலின் முடி நட்டுக்கொள்பவரை இகழ நமக்கு உரிமையில்லை. புருவம் பெற்ற அந்நோயாளர் தம் பெருமைக்காக மட்டும் அதனை நாடவில்லை. மனிதர் நடுவே மீண்டும் நடமாட நாடினர். அவ்வாறு ஒருவர் தம் மன அமைதிக்காக, வயதும் உதிர்வின் போக்கும் தெளிந்த பின்னர், தக்க மருத்துவரிடம் செய்துகொள்வது அவர் உரிமை. செய்யாமல் விடுவதும் அவ்வாறே. ஆனால் தரகர் குறித்த நாளுக்காகவும், பெண்வீட்டார் கண்ணுக்காகவும் அவசரமாக எடுக்கப்படும் முடிவு, ரோமாபுரியிலிருந்து வந்த ஓலைக்குச் சற்றும் குறைந்ததன்று. தலை ஒருவருடையது, தீர்ப்பு வேறொருவருடையது. முடியைக் கண்டு இசைந்த உறவு, அம்முடி மீண்டும் குறையும் காலத்தில் என்ன செய்யும் என்பதையும் அறுவைக்கு முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர்க்குத் தம் தலைமுடியைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. சாதியும் சபையும் அரசும் அவர்களுக்காக முடிவெடுத்தன. இத்தலைமுறைக்கு அவ்வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அதனைத் திருமணச் சந்தையிடம் ஒப்படைத்துவிட வேண்டாம் என்பதே நம் கருத்து.

தத்தம் குடும்பங்களில் குடுமி களைந்து கிராப்பு வைத்த காலத்துக் கதைகளைப் பெரியோரிடம் கேட்டறிந்த வாசகர்கள், அவற்றை எழுதி அனுப்பினால் மகிழ்வோம். ஏட்டில் பதிவாகாத விருப்பங்கள் சில அக்கதைகளிலேனும் எஞ்சியிருக்கக்கூடும்.